சமுதாயக் கூடத்துப் போர்வை

பழைய புடவைகளை நான்கைந்தாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவதை எங்கள் பக்கத்தில் யாரும் கலை என்று சொன்னதில்லை. மார்கழிக் குளிருக்காகத் தைத்தோம், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நானும் தைத்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை கிடைத்து ஊருக்கு 'சொசைட்டிம்மா' ஆனதும் ஊசியைத் தூக்கிப் போட்டேன். கடையில் கம்பளி கிடைக்கும்போது எவள் உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொள்வாள்?

போன வருஷம் அதற்கு 'க்வில்டிங்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உத்திரமேரூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார். சென்னையில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். மானாம்பதி சாலையில் நிலம் வாங்கி, ஓட்டு வீடு கட்டி, வாசலில் ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். வண்டி இல்லை, மாடு இல்லை, சக்கரம் மட்டும். சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் பெண்களைக் கூட்டித் தைக்கப்போவதாக அறிவித்தார். தைத்தால் மனம் அமைதியாகுமாம்.

நான் போனது மன அமைதிக்காக அல்ல. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து, மருமகள் செய்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவள் என் பழம்புடவைகளை மூட்டையாகக் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"அத்தே, கூடத்துக்குப் போய்ட்டு வாங்க. உங்களுக்கும் பொழுது போவும், எனக்கும் தல தப்பும்."

முதல் நாள் மேசை போட்டு, விசிறி போட்டு, எங்களை வட்டமாக உட்கார வைத்தார் அந்த மேடம். "சிஸ்டர்ஸ், ஒவ்வொரு துணிக்குள்ளயும் ஒரு கதை இருக்கு. அதை இங்க பகிர்ந்துக்கலாம்" என்றார். என் முறை வந்தது.

"தீபாவளிக்கு எடுத்தது. சாயம் பூட்ச்சு" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "அழகு" என்றார்.

வந்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் தெருப் பெண்கள்தான், நிலம் வைத்திருக்கும் குடும்பத்தார். அவர்களுக்கு நடுநாயகமாகத் தலைவரம்மா. கணவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்து இறங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது. அந்தப் பட்டம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. அவர் தைத்து நான் பார்த்ததே இல்லை. ஊசியைக் கையில் பிடித்தபடி செல்பேசிக்கு முகம் காட்டுவார், அது உடனே ஸ்டேட்டஸில் ஏறும். இத்தனை அபத்தத்துக்கு நடுவிலும் என் கை மட்டும் வெட்கமில்லாமல் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டது. அது எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் காலனியிலிருந்து இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி தலைவரம்மா கழனியில் நாற்று நடுகிறவள். துவைத்து மடித்த துணி மூட்டையோடு வந்து, கதவோரமாக உட்கார்ந்தாள். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லா வீட்டுப் புடவைகளையும் சேர்த்து ஒரே பெரிய போர்வையாகத் தைத்து சென்னைக் கண்காட்சியில் வைக்கலாம் என்றார். பெரிய போர்வை என்றால் மேசை உதவாது. தரையில் விரித்து நாலு பக்கமும் உட்கார்ந்து, முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டுதான் தைக்கவேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. நாற்று நடுகிறவளின் மூட்டையிலிருந்து மாம்பழ நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவை ஒன்றை மேடம் எடுத்து விரித்தார். தலைவரம்மா அதன் ஓரத்தை இரண்டு விரல் நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"மேடம், பழசெல்லாம் வேணாமே. புதுத் துணியா எடுத்துக்கலாம். யாரு கட்னதோ இன்னாவோ, சீக்கு கீக்கு ஒட்டிக்கினா யாரு பாக்கறது?"

அதுவரை எங்கள் பழம்புடவைகளைத்தான் தைத்துக்கொண்டிருந்தோம். அதில் எந்தச் சீக்கும் இல்லை போலும். மேடம் தலையை ஆட்டி, "ஹைஜீனும் ஒரு பாயிண்ட்தான்" என்றார்.

நாற்று நடுகிறவள் தலை நிமிராமல் சொன்னாள்: "யம்மா, அது நீங்க குட்த்த பொடவதான். போன பொங்கலுக்குக் குட்த்தீங்களே. நான் கட்டவே இல்ல. அந்தக் கலரு எனக்கு ஆவல."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தலைவரம்மா முகம் சிவந்தது.

"நான் குட்த்தது அப்போ. இப்போ அது உங்க வூட்டுது" என்றார்.

சங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ வெட்கங்கெட்ட பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை. சொந்தப் புடவை, சொந்தக் கையால் கொடுத்தது, இன்னொரு தெருவில் ஒரு பெட்டிக்குள் சும்மா கிடந்த குற்றத்துக்காகத் தீண்டத்தகாததாகிவிட்டது.

"உன் பொடவைய உனக்கே அடையாளம் தெரில. அதான் உனக்குப் பேஜாரா கீது" என்றேன்.

தலைவரம்மா எழுந்து போனார். அவரோடு பாதிப் பேர் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை மேடம் புன்னகையோடு ஒரு தீர்வு கொண்டுவந்தார். காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். யார் மனமும் நோகாதாம். ஊரே பலகாலமாக இரண்டு பேட்சாகத்தான் இருக்கிறது. அதற்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து நேரம் குறித்துக் கொடுக்கவேண்டியிருந்தது.

"நீங்க காலை பேட்ச்தானே சிஸ்டர்?" என்று என்னைக் கேட்டார்.

"அந்தப் பொடவ எதுல கீதோ அதுல."

மதிய வெயிலில் கூடம் அடுப்பாகக் காயும். ஐந்து பேர் தரையில் உட்கார்ந்து தைத்தோம். மாம்பழ நிறப் புடவையை அடி அடுக்கில் போடலாமா என்று நான் கேட்டேன்.

"மேல போடுங்க சொசைட்டிம்மா, நல்லா தெரியட்டும்" என்றாள் நாற்று நடுகிறவள்.

"தலைவரம்மா அப்டி சொல்லுவான்னு நீ முன்னாடியே நெனச்சியா?" என்றேன்.

"பின்ன? அதுக்குத்தான அத்த எட்தாந்தேன். கட்டிப் பழசான பொடவ வூட்ல எவ்ளோ கீது."

நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள். அவளை வெகுளி என்றல்லவா அதுவரை எண்ணியிருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

காலை பேட்ச் புதுத் துணி வாங்கி, வாலாஜாபாத் டெய்லர் ஒருவரிடம் மெஷினில் தைத்து வாங்கியது. கண்காட்சிக்குப் போனது அதுதான். எங்களுடையதை மேடம் தடவிப் பார்த்து, 'ஃபினிஷிங்' போதவில்லை என்று வருத்தப்பட்டார். நாங்கள் வருத்தப்படவில்லை. காலனியிலிருந்து வந்த இன்னொருத்தியின் புருஷன் அரிசி மில்லில் வாட்ச்மேன். போர்வை அவருக்குப் போயிற்று. விரித்துப் படுத்தால் எழுந்திருக்க மனசே வருவதில்லையாம். முதலாளி இரண்டு தரம் வந்து எழுப்பியிருக்கிறார்.