எஞ்சின் அணைந்த விண்கலம்

என் மகள் நான் சொன்னதைத்தான் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பலர் முன்னிலையில் மறுத்தேன். அப்போது நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர்.

தொண்ணூறுகளின் இறுதி. அவள் நான்காம் வகுப்பு. சிறுமலையிலிருந்து பேருந்தில் இறங்கிக்கொண்டிருந்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். என் மடியில் வாழைத்தார், பக்கத்தில் அவள். டீசலை மிச்சம்பிடிக்க ஓட்டுநர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டார்.

"எஞ்சின் ஓடலயே, பஸ் எப்படிப்பா போகுது?"

"இறக்கம்ல, தானா உருளும்."

"வானத்துல ராக்கெட்டு எஞ்சினை அணைச்சா? அங்க இறக்கமே இல்லயே?"

வகுப்பில் எவனாவது கேட்டிருந்தால் கரும்பலகை நிறைய விளக்கியிருப்பேன். இவளோ காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழைப்பால் வேறு வேட்டியில் வடிந்தது.

"நின்னுரும். செத்த நேரம் பேசாம வா தாயி!"

அடுத்த மாதம் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் சிறுவர்களுக்கு அறிவியல் வினாடி வினா. விண்கலத்தின் எஞ்சினை அணைத்தால் என்ன ஆகும் என்று நடுவர் கேட்டார்.

"நின்னுரும்."

தவறு என்றார். அவள் விடவில்லை. "எங்கப்பா சொன்னாரு. அவரு பிசிக்ஸ் வாத்தியாரு."

கூடமே சிரித்தது. "என்ன சார், நீங்களா?" என்று நடுவர் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் எங்கள் தலைமையாசிரியர்.

"சேச்சே, நான் அப்படிச் சொல்வேனா?"

மறுநாள் உட்காரவைத்துச் சொன்னேன்: அங்கே தடுக்கக் காற்றில்லை, உரசத் தரையில்லை. எஞ்சின் அணைந்தாலும் கலம் போய்க்கொண்டேதான் இருக்கும். நிறுத்துவதற்குத்தான் எஞ்சின் வேண்டும்.

தலையாட்டினாள். "அப்ப ஏம்ப்பா சொல்லலன்னீங்க?"



ஞாயிறு பூசை முடிந்ததும் அவளை அழைத்துக்கொண்டு நடுவரிடம் போனேன். "தப்பு என் மேலதான் சார். நாந்தான் அப்படிச் சொன்னேன்."

அவர் என் தோளைத் தட்டினார். "பிள்ளைக்காகப் பழிய ஏத்துக்கிறீங்களே! இம்புட்டுப் பெரிய மனசா?"

சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல மனிதர் நெகிழ்ந்துபோனார். குனிந்து, "பாப்பா, இனிமே அப்பா மேல பழி போடக்கூடாது, என்ன?" என்றார்.

"அய்யோ, இல்ல சார்..." என்று மறுபடி தொடங்கினேன். அவள் என் சட்டையை இழுத்தாள்.

"வாங்கப்பா, போவோம். அவரு நம்ப மாட்டாரு."

அதன்பிறகு சந்தேகம் வந்தால் நூலகத்துக்குப் போனாள். அப்பாவைத் தொந்தரவு செய்யாத சமர்த்துப் பிள்ளை என்று வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். அதைப் புகழ்ச்சி என்றே அவளும் நினைத்தாள்.