மாடே இல்லாத ஊர்

வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள், பிள்ளைகளே? முற்றம் கூட்டுவீர்கள், நல்ல உடுப்புப் போடுவீர்கள். நான் உங்கள் வயதில் இருந்தபோது அப்படி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று காலை என் மாமா தன்னுடைய மோட்டார் சைக்கிளை வைக்கோல் கும்பிக்குள் தள்ளி மூடினார். பிறகு நல்ல சாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கிழிந்த சாரம் ஒன்றைத் தேடி உடுத்தார். கண்ணாடி பார்த்துத் தலைமயிரையும் கலைத்துக்கொண்டார்.

மாமாவுக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லை. சண்டை முடிந்து, முகாமிலிருந்து வந்து, விசுவமடுப் பக்கம் எங்கள் காணியில் திரும்பக் குடியேறியிருந்த காலம் அது. அடிக்கடி உதவி நிறுவனங்களின் வாகனங்கள் வரும். இறங்குகிறவர்கள் வீடு வீடாக வந்து என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொன்ன வீட்டுக்கு ஒன்றும் வராது. இல்லை என்று சொன்ன வீட்டுக்குக் கூரைத் தகரம் வரும், கோழிக்குஞ்சு வரும், தண்ணீர் இறைக்கிற மெசின்கூட வரும். இந்தப் பாடத்தை மாமா அளவுக்குக் கரைத்துக் குடித்தவர் எங்கள் ஊரில் வேறு எவரும் இல்லை.

கிராம அலுவலரான விதானையார் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான். கொழும்பிலிருந்து பால் தொழிற்சாலை முதலாளி ஒருவர் வருகிறார், ஊரில் மாடுகள் எப்படி என்று பார்க்கப் போகிறார். அது போதும் மாமாவுக்கு.

“மாடில்லாத ஆக்களுக்கு மாடு குடுக்கப்போறார். வேற எதுக்கு ஒரு முதலாளி இந்த வெயிலுக்கை வாறார்?” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “இருக்கிற மாட்டின்ர பாலையே வாங்க ஆளில்லை. இன்னும் ரெண்டு மாட்டை வாங்கி என்னடா செய்யிறது?”

“நீ சும்மா இரக்கா. மாடு கூடினா எல்லாம் சரிவரும்.”

மாமா இப்படி அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மாட்டுப்பால்தான் வருமானம். ஆனால் பாலைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி நாட்களில் அது திரைந்து கெட்டுவிடும். இப்படியே போனால், பொங்கல் முடிந்ததும் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதாக அம்மா ஏஜென்சிக்காரரிடம் சொல்லியிருந்தா. சில்லுப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற பெரிய நீலப் பை ஒன்றும் வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தா. அந்தப் பை அடுத்த வருசம் நான் பள்ளிக்கூடம் கொண்டுபோவதற்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்று விடியவே ஊர் மாடுகள் எல்லாவற்றையும் பெரிய பெடியன்கள் வாய்க்காலுக்கு அப்பால் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் சிவப்பி மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாகனச் சத்தம் கேட்டதும் மாமா கன்றைத் தூக்கிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். சிவப்பியின் கயிற்றை என் கையில் தந்தார்.

“மருமோன், இவளைப் பின்வேலிக்கு அங்கால கொண்டுபோய் வைச்சிரு. என்ன நடந்தாலும் கயித்தை விடக்கூடாது. கத்தவும் விடக்கூடாது.”

பின்வேலிக்கு அங்கால் என்ன இருந்தது தெரியுமா? ஒரு மாடு நிற்கிற அளவு ஒடுக்கமான நிலம். அதற்கு அடுத்தது மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். அதற்குப் பின்னால் மிதிவெடி எடுத்து முடியாத பற்றைக்காடு. மாமா எல்லாவற்றையும் யோசித்தார், இதை மட்டும் யோசிக்கவில்லை.

நான் கிடுகு வேலியின் ஓட்டையால் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி வயதானவர். வெள்ளைச் சப்பாத்துப் போட்டிருந்தார். எங்கள் முற்றத்தில் ஊர்ச்சனம் கிழிசலோடு நின்றது. அம்மா மட்டும் தன் வழக்கமான சீலையோடு குசினிக் கதவை மறைத்துக்கொண்டு நின்றா.

“என்னப்பா, ஒரு மாட்டையும் காணோமே?” என்றார் முதலாளி.

“மாடோ ஐயா? எல்லாம் சண்டையோட போட்டுது. பிள்ளையளுக்குத் தேத்தண்ணிக்கு விடவும் பாலில்லை” என்று மாமா தொண்டை தழுதழுக்கச் சொன்னார்.

முதலாளி சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் பச்சைச் சாணி.

“அப்ப இது?”

ஒரு கிழவர் இருமினார். மாமா அசரவில்லை. “அது பக்கத்து ஊர் மாடுகள் ஐயா. இஞ்சை வந்து மேஞ்சிட்டு, போட்டிட்டுப் போறது.”

“நல்லது. அப்ப பக்கத்து ஊருக்கே போறேன். பால் சேர்த்துக் குளிராக்குற நிலையம் ஒண்ணு கட்டப்போறேன். தினமும் வாசல்ல வந்து பால் எடுப்போம். மாடு இருக்கிற இடத்துலதானே அதைக் கட்டலாம்?”

 இருக்கு என்று மாமா இனி எப்படிச் சொல்வது? சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. முதலாளி வாகனப் பக்கம் திரும்பினார். அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் ஒரு பானை உருண்டது. கூடவே கன்று கத்தியது.

சிவப்பி தலையைத் தூக்கியது. கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. நான் வேலிக் கட்டையோடு முதுகைச் சாய்த்து இழுத்துப் பிடித்தேன். நேரே போக வேலி மறித்ததால், மாடு மிரண்டு பின்னுக்குத் திரும்பியது. என் கால் வழுக்கியது. கயிற்றோடு நானும் இழுபட்டேன். மாமா சொன்னது ஒன்றுதான் தலைக்குள் நின்றது, கயிற்றை விடக்கூடாது. சிவப்புப் பலகை ஒன்று என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது.

வேலிக்கு மேலால் மாட்டின் கொம்பு தெரிந்திருக்க வேண்டும். முற்றத்தில் யாரோ “ஐயோ, பெடியன்!” என்றார்கள். மாமா ஓடிவர வெளிக்கிட்டார். அம்மா அவரின் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினா.

“ஓடாதை. மாடு வெருளும்.”

பிறகு அம்மா கூப்பிட்டா. கத்தவில்லை. விடியற்காலையில் பால் கறக்கப் போகும்போது கூப்பிடும் அதே குரல்.

“இந்தா... சிவப்பி, இந்தா... இந்தா.”

மாடு நின்றது. காதை ஆட்டியது. நான் மூச்சு விடாமல் மண்ணில் கிடந்தேன்.

“தம்பி, கயித்தை விட்டிட்டு அப்பிடியே கிட. அசையாதை. இந்தா, சிவப்பி, வா... வா.”

சிவப்பி மெல்லத் திரும்பி, வேலியோரமாக நடந்து, படலையால் நுழைந்து, அத்தனை சனத்துக்கும் நடுவால் நேரே அம்மாவிடம் போனது. மடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டே போனது. மாமா வேலியைப் பிரித்து வந்து என்னை அள்ளித் தூக்கினார். 

“இது யாருடைய மாடு?” என்று முதலாளி கேட்டார்.

மாமா நிலத்தைப் பார்த்தார். ஊரும் நிலத்தைப் பார்த்தது.

“என்ர மாடு ஐயா,” என்றா அம்மா. “பொய் சொன்னது என்ர தம்பி. இன்னும் கனக்க மாடு வாய்க்காலுக்கு அங்கால நிக்குது.”

முதலாளி சிரிக்கவில்லை. “மாட்டையே ஒளிக்கிற ஊரு. நாளைக்குப் பால்ல தண்ணி கலந்தா நான் என்ன செய்யிறது?”

“கலக்கமாட்டம் ஐயா. இருக்கெண்டு உண்மை சொன்ன நேரம் எங்களுக்கு ஒண்டும் கிடைக்கேல்லை. இல்லையெண்டு சொல்லத்தான் ஆக்கள் எங்களைப் பழக்கினவை. இருக்கிறதைப் பார்க்கவும் ஒருத்தர் வருவார் எண்டு எங்களுக்குத் தெரியாது.”

 முதலாளி சாணிச் சப்பாத்தைப் புல்லில் தேய்த்துவிட்டு வாகனத்தில் ஏறினார். வாகனம் கிளம்பிப் பக்கத்து ஊர்ப் பாதையில் திரும்பவில்லை. வாய்க்கால் பக்கம் திரும்பியது.

 மாமா வைக்கோல் கும்பியிலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தபோது இருக்கையை எலி கடித்திருந்தது. அதற்குக்கூட அவர் ஏசவில்லை.

பொங்கலுக்கு முன்பே, சந்தியில் பால் நிலையத்துக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கினார்கள். நீங்கள் இப்போது யோகட் வாங்கப் போகிறீர்களே, அதே இடம். அன்று பின்னேரம் மாமா வீட்டுக்குள் வந்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பையை இறக்கினார். முற்றத்து மூலையில் வைத்துத் திறந்து, உள்ளே வைக்கோல் பரப்பி முட்டைகளை அடுக்கினார். அடைகாக்க இடம் தேடித் திரிந்த கோழியைப் பிடித்து அதன் மேல் இருத்தினார். கோழியும் அந்தப் பை தனக்கென்றே வாங்கியது போல அமர்ந்துகொண்டது.

அம்மா கதவடியில் நின்று பார்த்தா. முதலில் சிரித்தா. பிறகு சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதா. மாமா திரும்பிப் பாராமல் கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

நானும் அழுதேன். என்னுடைய புதுப் பள்ளிக்கூடப் பையைப் போய் மாமா இப்படி நாசமாக்கிவிட்டாரே என்று.