ஐஸ் பெட்டியில் போன ரத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலை, சங்கரா வாங்கலாமா வஞ்சிரம் வாங்கலாமா என்று பெரிய யோசனையில் நின்றிருந்தேன். அப்போது பார்த்து மீன்கார அஞ்சலைக்கு ஒரு போன்.

அஞ்சலைக்கு ஊர் தவளக்குப்பம் பக்கம். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவர்தான் மீன் கொண்டு வருவார். போனில் பேசியது டவுனில் இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அவருடைய கணவரின் ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறதாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதயமே நின்றுவிடலாம் என்றார்களாம்.

"ராத்திரி கூட நல்லாத்தாங்க சோறு துன்னுச்சு... இன்னாம்மா இது?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் மீன் வாங்க நின்றிருந்த மாடி வீட்டு சுமதி மேடம், "அழாதீங்க அஞ்சலை. வீட்டுக்கு போன் போட்டு அவரை நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நாங்களும் வர்றோம்" என்றார். வீட்டுப் புடவை, கையில் ஒயர் கூடை. அப்படியே ஆட்டோவில் ஏறிவிட்டார். நானும்தான்.

சுமதி மேடம் பயோகெமிஸ்ட்ரி பேராசிரியர். நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை... நோயாளியின் ரத்தத்தை விசாரிக்கிற டாக்டர். நிறைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். எங்கோ ஒருவர் தன் கட்டுரையில் 'இவர் இப்படிச் சொல்லியிருக்கிறார்' என்று குறிப்பிட்டால் அதற்குப் பெயர் சைட்டேஷன். ஆராய்ச்சியாளர்களின் மார்க் ஷீட்டே அதுதானாம்.

"இதையெல்லாம் யாரு மேடம் படிக்கிறாங்க?" என்று ஒருமுறை வாய் சும்மா இருக்காமல் கேட்டேன். "அது எனக்கே தெரியாதுங்க" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் ரொம்பச் சின்ன வயசு. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பல வருஷமாக சுகர் இருப்பவர், கிட்னி கெட்டுப்போயிருக்கலாம், அவசரமாக டயாலிசிஸ் செய்ய வேண்டி வரலாம், கழுத்தில் டியூப் போட வேண்டும் என்றார். அஞ்சலை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அதற்குள் ஈசிஜி வந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லையாம். டாக்டர் அதைப் பார்த்தார். கட்டிலில் சாதாரணமாக உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். மறுபடி ஈசிஜியைப் பார்த்தார்.

"அம்மா... லேபுக்கு ரத்தம் எப்படிப் போச்சு?"

"நான்தான் சார் எடுத்தாந்தேன்" என்றார் அஞ்சலை. தவளக்குப்பத்தில் ரத்தம் எடுத்த இடத்தில், அதை டவுனுக்குக் கொண்டு போகிற ஆள் முந்தின நாள் லீவாம். 'பெரிய மார்க்கெட்டுக்குத்தானே போறேன், குடுங்க' என்று இவரே வாங்கிக்கொண்டாராம். "வெயிலுக்குக் கெட்டுடப் போவுதுன்னு மீன் பெட்டியில ஐஸுக்குள்ளயே வெச்சு எடுத்தாந்தேன் சார். மீனே ஐஸ் இல்லன்னா கெட்டுடுது. ரத்தம் கெடாதா?"

தப்பு சொல்ல முடியுமா? மீன் விற்கிற எந்தப் பெண்ணும் இதைத்தானே செய்வார்!

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கதாம்மா கோளாறு. ரத்தத்தை அப்படியே ஐஸ்ல வெச்சா, செல்லுக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கசிஞ்சிடும். பார்க்க ரத்தம் நல்லாவே இருக்கும், ரிப்போர்ட் மட்டும் பயமுறுத்தும். படிக்கிறப்போ ஒரு ஆராய்ச்சிப் பேப்பர்ல பார்த்தேன்... யாரு எழுதினதுன்னு ஞாபகம் இல்ல. இருங்க, புதுசா ரத்தம் எடுத்து உடனே பார்த்துடலாம்."

நான் சுமதி மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்களா?" என்றேன் ரகசியமாக.

"ம்... ரொம்ப வருஷம் ஆச்சு. ரெண்டு பத்திரிகை வேணாம்னு திருப்பி அனுப்பின கட்டுரை அது."

எனக்குப் புல்லரித்துவிட்டது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே. என்றோ இவர் ஒரு சோதனைக் குழாயின் முன்னால் உட்கார்ந்து யோசித்தது, யார் யார் கையிலோ மாறி, இந்த இளைஞரின் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர் பெயர் உதிர்ந்துவிட்டது, விஷயம் மட்டும் உதிரவில்லை. அது இன்று ஒரு மனிதரின் கழுத்துக்கும் டியூபுக்கும் நடுவில் வந்து நிற்கிறது! வாரா வாரம் எழுதித் தள்ளுகிற எனக்கு இப்படி ஒரு வரி வாய்க்குமா? சந்தேகம்தான்.

புது ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் நார்மல். அஞ்சலை கணவரின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதார். இந்த அழுகை வேறு.

"மேடம், நீங்க சொல்லிடுங்களேன்..." என்று நான் சொல்லி முடிப்பதற்குள் என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு.

கிளம்பும்போது டாக்டர் எங்கள் பக்கம் வந்தார். ஒயர் கூடையோடு நின்ற சுமதி மேடத்தை அஞ்சலை வீட்டு ஆள் என்றே நினைத்துவிட்டார் போல.

"ஆன்ட்டி, நீங்களாவது ஞாபகம் வெச்சுக்குங்க. ரத்தத்தை எப்பவும் ஐஸ்ல வைக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க டாக்டர்" என்று பவ்யமாகத் தலையாட்டினார், அதைக் கண்டுபிடித்தவர்.