பின்சுவரில் நிறம் மாறிய இடம்

பிள்ளைகளே, நம் வீட்டுப் பின்சுவரில் ஓர் இடம் மட்டும் ஏன் நிறம் மாறி இருக்கிறது, அங்கே ஓர் ஆணி அடிக்கக்கூட அம்மா ஏன் விடுவதில்லை என்று பல தடவை கேட்டுவிட்டீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பின்னால் ரோட்டுப் பக்கம் கதவு இருக்கிறதே, நாம் மட்டும் ஏன் சந்து முனை வரைக்கும் நடந்து சுற்றிக்கொண்டு போகிறோம் என்று சின்னவன் கோபித்துக்கொள்கிறான். வாயால் சொல்ல ஆரம்பித்தால் உங்கள் அம்மா நடுவில் நிறுத்திவிடுவாள். அதனால் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய சமயம் நம் சந்துக்கு இரண்டு பக்கமும் வாய் இருந்தது. ஒரு பக்கம் முதலியார்பேட்டைப் பெரிய ரோடு. மறுபக்கம் தென்னந்தோப்பு. தோப்புக்குள்ளே ஒற்றையடிப் பாதையில் போனால் மில். சந்தில் முக்கால்வாசி ஆண்கள் மில்லில்தான் வேலை செய்தார்கள். உங்கள் தாத்தாவும் அங்கேதான் தறி ஓட்டினார். தறிச் சத்தத்திலேயே இருந்து காது மந்தமாகி, வீட்டில் தண்ணீர் கேட்டாலும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கேட்பார்.

கொடி மாறினதும் ஊரே மாறப்போகிறது என்று பேச்சு. நம் சந்தை அகலப்படுத்தி மில்லுக்குப் பெரிய ரோடு போடப்போகிறார்கள் என்றார்கள். ஆள்கள் சங்கிலி பிடித்து அளந்தார்கள். இரண்டு வரிசை வீடுகளின் சுவரிலும் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோட்டுக்குச் சந்துப் பக்கம் இருப்பதெல்லாம் போய்விடும். நம் வீட்டில் முன்னறை முழுதும் போகும். எதிர்வீட்டில் சமையல் செய்கிற இடம் மட்டும்தான் மிஞ்சும்.

எதிர்வீட்டுத் தாத்தாவை உங்களுக்குத் தெரியும். அவர்தான் சந்துக்குப் பெரியதனம். என் அப்பாவுக்கு மச்சான் முறை. அவர் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மனு கொடுக்கலாம் என்றார் ஒருவர். அப்பா எழுந்தார்.

"மனுவும் வேணாம் ஒண்ணும் வேணாம். சந்து முனையில ஒரு பிள்ளையாரை உக்கார வச்சிடுவோம். சாமியை இடிக்க எவனுக்குத் தைரியம் வருது, பாப்போம்."

"பிள்ளையாருக்கு எங்கய்யா போவ?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஏரிக்கரையில கேப்பாரில்லாம ஒருத்தர் வெயில்ல காஞ்சிட்டு இருக்காரு. மாட்டு வண்டியில ஏத்திட்டு வந்துடலாம்."

"அது திருட்டு இல்லியா?"

"காசு குடுத்து வாங்கின பிள்ளையாரு சும்மா உக்காந்திருப்பாரு மச்சான். தூக்கிட்டு வந்தவருதான் வேலை செய்வாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பிள்ளையார் வந்துவிட்டார். பெரிய ரோட்டுப் பக்கச் சந்து முனையில் செங்கல் வைத்து மேடை கட்டி, மேலே கூரையும் போட்டோம். மேடை பெரிதாக இருந்தால்தான் நகர்த்தமாட்டார்கள் என்று அப்பா சொல்லச் சொல்ல அது சந்தின் பாதி வாயைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கே எல்லோரும் சத்தியம் செய்தோம். இந்தச் சந்துக்கு இனி ஒரே வாசல், தோப்பு வழியாக மில்லுக்குப் போகிறவர்கள்கூட இப்படித்தான் சுற்றிப் போகணும், பிள்ளையாரைக் கும்பிடாமல் யாரும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதில்லை என்று. எரிகிற சூடத்தின் மேல் முதலில் கை வைத்து அணைத்தது அப்பா. அப்புறம் எதிர்வீட்டுக்காரர். அப்புறம் வீட்டுக்கு ஓர் ஆள்.

அளக்கிறவர்கள் திரும்ப வந்தபோது மேடையைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம்கூடப் போட்டார். சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று சந்தில் பொங்கல் வைத்தோம். அப்பா மில்லுக்குப் போனால், "ரோட்டை நிறுத்தினவரு வர்றாரு, வழி விடுங்கய்யா" என்று கேலி செய்வார்களாம். அவருக்கு அது பிடித்திருந்தது.

ரோடு நிற்கவில்லை. நம் வரிசைக்குப் பின்னால் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

தோப்பை வெட்டினார்கள். லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கினார்கள். அந்த மேடு சந்தின் மறுவாயை அடைத்துக்கொண்டு போனது. மேட்டுக்கும் நம் பின்சுவருக்கும் நடுவே சாக்கடை வெட்டினார்கள். வேலை முடிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே உறைத்தது. மழை பெய்தால் தண்ணீர் போக வழி இல்லை. இருந்த ஒரு வாயிலும் பாதியில் பிள்ளையார். மாட்டு வண்டி நுழையாது. புஷ் வண்டி, அதாவது உட்கார்ந்திருப்பவர் முன்னால் திருப்பிக்கொண்டே போக, பின்னாலிருந்து ஆள் தள்ளுகிற அந்தப் பழைய வண்டி, அதுவும் நுழையாது. மேடையைக் கொஞ்சம் செதுக்கலாம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. சாமி மேடையில் யார் கடப்பாரை வைப்பது?

ரோடு போட்டு ஒரு மழைக்காலம் கழிந்திருக்கும், அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது, ஆனால் சத்தம் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினோம். பிள்ளையார் பக்கம் வந்ததும் கட்டில் நுழையவில்லை. சாய்த்துத்தான் கொண்டுபோக முடிந்தது. சாய்த்தால் விழுந்துவிடுவார் என்று வேட்டியால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். சந்தே வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்ததும் அப்பா சொன்னார்:

"இனிமே என்னை உசுரோட அந்த வழியா தூக்காதீங்க."

அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதிக்கவே இல்லை. கட்டிலைப் பின்சுவர் ஓரமாகப் போடச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் புது ரோடு. சாயங்காலம் மில் சங்கு ஊதி ஷிப்ட் விட்டதும் மில் ஆள்கள் எல்லோரும் சைக்கிளில் அந்த வழியாகத்தான் வருவார்கள். காது மந்தமானாலும் சைக்கிள் மணி மட்டும் அவருக்குக் கேட்டுவிடும்; அதை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். அவரோடு தறி ஓட்டிய ஒருவர், அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிக்குப் பிரெஞ்சில் வணக்கம் ஐயா சொல்கிற மாதிரி தினமும் சுவருக்கு மேலாகக் கத்துவார்.

"போன்ழூர் முசே! இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன்டா! மேஸ்திரி இன்னும் உன்னைத் திட்டுறானா?"

"நீ வாங்குற திட்டும் சேத்து எனக்கே வருதுய்யா! எழுந்து வந்து மூஞ்சியைக் காட்டேன்!"

"சுவரு மறைக்குதுடா!"

"உங்க பிள்ளையாரைக் கொஞ்சம் நவுரச் சொல்லு!"

ரோட்டில் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். அப்பாவும் சிரிப்பார். சைக்கிள் சத்தம் அடங்கினதும் சிரிப்பு நின்றுவிடும். சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க ஒரு கதவு வச்சிடேன். சாக்கடை மேல பலகை போட்டு, நம்ம முக்காலியை வெளிய போட்டு என்னை உக்கார வை. சங்கு ஊதுறப்ப எல்லாரையும் பாத்துடுவேன். ஆஸ்பத்திரிக்குன்னாலும் வண்டி இங்கியே வந்துடும்."

சுவரில் கதவு வைக்க அந்த ஓர் இடம்தான் இருந்தது. ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் கிணறு. நான் போய் எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து அப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மச்சான், சூடத்துல முதல்ல கை வச்சது யாரு?"

"நான்தான்."

"சந்துக்கு ஒரே வாசல்னு சொன்னது?"

"நான்தான்யா. அப்ப எனக்குக் காலு இருந்துச்சு."

எதிர்வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீ ஒரு கதவு வச்சா உங்க வரிசை முழுக்க வைக்கும். நல்லாத்தான் இருக்கும், உங்களுக்கு ரோடு இருக்குது. எங்க வரிசைக்குப் பின்னாடி என்னா இருக்குது? அடுத்தவன் சுவரு. நீங்கல்லாம் அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கினா நாங்க மட்டும் இந்தப் பைக்குள்ள கெடக்கணுமா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மீறி உடைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நான் ஒண்டி ஆள். சந்தைப் பகைத்துக்கொண்டு, நாளைக்கு அப்பாவுக்கு ஒன்று என்றால் தோள் கொடுக்க யார் வருவார்கள்? அப்பாவே என்னைத் தடுத்துவிட்டார். "சத்தியம்டா, விட்டுடு" என்றார். ஆனால் முக்காலியைக் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருக்கச் சொன்னார்.

ஒருநாள் மத்தியானம், கஞ்சி கொடுக்கப் போன உங்கள் அம்மா, "மாமா, மாமா" என்று கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

நல்ல நேரம் பார்க்கப் பஞ்சாங்கம் பார்க்கிறவரை அழைத்துவந்தார்கள். அவர் ஏடு புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அடைப்பு நட்சத்திரத்துல போயிருக்காரு. வாசப்படி வழியா எடுக்கக்கூடாது. வீட்டுக்கு ஆவாது. சுவத்தை உடைச்சிக்கினுதான் எடுக்கணும். எடுத்த கையோட அடைச்சிடணும், போனவரு அந்த வழியத் தேடி வராம."

எல்லோரும் பின்சுவரைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் வீட்டுக்குப் போய்க் கடப்பாரை எடுத்துவந்தார். முதல் குத்து அவர்தான் குத்தினார். செங்கல் பெயர்ந்து விழ விழ வெளிச்சம் கட்டில் மேல் வந்து விழுந்தது. உடைத்து முடித்ததும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கேட்டப்பக் குடுக்கல மச்சான். இப்ப எடுத்துக்க" என்றார். அப்புறம்தான் அழுதார்.

சாக்கடை மேல் பலகை போட்டு அப்பாவை ரோட்டுக்கு ஏற்றினோம். கட்டிலைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை. பாடையில் வைத்துக் கட்டி முடிக்கிற நேரம் மில் சங்கு ஊதியது. ஷிப்ட் விட்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளை விட்டு இறங்கினார்கள். போன்ழூர் சொல்கிறவர் கிட்ட வந்து முகத்தைப் பார்த்தார். "மூஞ்சியைக் காட்டிட்டியேய்யா" என்றார்.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்புவதற்குள் சுவரை அடைத்துவிட்டார்கள். புதுச் செங்கல், புதுச் சுண்ணாம்பு. நீங்கள் கேட்கிற அந்த இடம் அதுதான்.

காரியம் முடிந்த பிறகு எதிர்வீட்டுக்காரர் சந்தைக் கூட்டினார். பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றி, சத்தியத்தை விட்டுவிட்டோம், மன்னிக்கணும் என்று விழுந்து கும்பிட்டார். ரோட்டுப் பக்க வரிசைக்காரர்கள் கதவு வைத்துக்கொள்ளலாம், எதிர் வரிசைக்காரர்கள் அவசரத்துக்கு அவர்கள் வீட்டுக்குள் புகுந்து போகலாம் என்று பேச்சு முடிந்தது. வலது பக்கத்து வீட்டில் வைத்தார்கள். இடது பக்கத்து வீட்டில் வைத்தார்கள். கொஞ்ச நாளில் வரிசை முழுதும் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

நம் வீட்டில் மட்டும் முடியவில்லை. அப்போது பெரியவள் வயிற்றில் இருந்தாள். உங்கள் அம்மா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மாமா போன வழிங்க அது. தெறந்தா திரும்பி வந்துடுவாருன்னு சொல்றாங்க. இந்தக் குழந்தை பொறந்து வளரணும். வேணாங்க." வேறு இடம் என்றால் அடுப்பையோ கிணற்றையோ இடிக்க வேண்டும். விற்றுவிட்டுப் போகலாம் என்றால் அடைப்பில் சாவு விழுந்த வீட்டை வாங்க யாரும் வாசல் மிதிக்கவில்லை. திரும்பி வந்தால் வரட்டுமே என்று என் மனசுக்குள் இருந்தது. அதை உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்து வீட்டில் கதவு வைத்த அன்று அவர்கள் வீட்டில் வடை பாயசம். நாங்களும் சாப்பிட்டோம். சாயங்காலம் உங்கள் அம்மா படுத்திருந்தாள். நான் கட்டில் கிடந்த இடத்திலிருந்து முக்காலியை எடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு சந்து வழியே நடந்து, பிள்ளையார் மேடை ஓரமாக ஒடுங்கி வெளியே வந்து, பெரிய ரோட்டில் திரும்பி, புது ரோட்டைப் பிடித்து, நம் வீட்டுக்குப் பின்னால் வந்து சேர்ந்தேன். சாக்கடையைத் தாண்டி, புதுச் செங்கலை ஒட்டி, ரோட்டைப் பார்த்த மாதிரி முக்காலியைப் போட்டேன். நான் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றேன். சங்கு ஊதியது. சைக்கிள்கள் வந்தன, போயின. கடைசி மணிச் சத்தமும் அடங்கின பிறகு முக்காலியை எடுத்துக்கொண்டு, வந்த வழியே சுற்றி வீட்டுக்குத் திரும்பினேன்.