இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி

எனக்கு முன்கோபம் அதிகம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். பொய் இல்லை. ஆனால் அவருடைய அடுப்படியில் ஒரு வருஷம் நின்று பார்த்தால் யாருக்குமே முன்கோபம் வரும். நான் உப்பை அள்ளினால் கையைப் பிடிப்பார். கடுகு வெடிக்கும் முன்னே "கருகுது" என்பார். அதனால், என் வீட்டுக்காரருக்குத் தாராவியில் தோல் பட்டறை வேலை கிடைத்து, ஒற்றை அறையில் எனக்கே எனக்கென்று ஒரு அடுப்பு அமைந்தபோது பம்பாயை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். அறுபதுகளில் எங்கள் சந்தில் காலை இட்லி என்றால் என் வீட்டு இட்லிதான். சட்னியில் எதைப் போடுவது, எதை விடுவது என்பதெல்லாம் என் இஷ்டம்.

அந்த நேரம் பார்த்து மாமியாரிடமிருந்து கடிதம் வந்தது. தனியாக இருக்க முடியவில்லையாம். இவர் அதை மூன்று தரம் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"ஏளா, ஊருக்கே போயிருவமா?"

"நீங்க போங்க. நான் வரல."

நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் இவரே இறங்கி வந்தார். "பூக்கட்டிப் பாப்போம். சாமி சொன்னபடி செய்வோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. இரண்டு இலைப் பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்துப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் ஊர், சிவப்பு வந்தால் பம்பாய் என்று பேசிக்கொண்டோம். பொட்டலத்தை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வரும்படி எங்கள் சந்துப் பிள்ளையார் கோயில் பூசாரி சொல்லிவிட்டார்.

மாட்டுங்கா வரை நடந்து போய் இரண்டு நிற அரளியும் வாங்கி வந்தேன். குளித்து, விளக்கேற்றி, பயபக்தியோடு உட்கார்ந்து, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். பிள்ளையாரை ஏமாற்றுகிறேன் என்று தோன்றவே இல்லை. அவருக்கு ஆயிரம் வேலை, நான் ஒரு ஒத்தாசை செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மிச்ச வெள்ளைப் பூவை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

கோயிலில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். பூசாரி சூடம் காட்டி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"பாத்தீயளா, சாமியே சொல்லிட்டுல்லா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இவருக்குப் பேயறைந்த முகம். "அது எப்படி? ரெண்டுலயும் வெள்ளைல்லா இருக்கணும்" என்று வாயை விட்டார்.

"நீரு என்ன வே செஞ்சீரு?" என்றார் பூசாரி.

நான் குழாயடியில் நின்ற நேரத்தில் ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே சிவப்பு. அதை எடுத்துவிட்டு, பானைக்குப் பின்னால் கிடந்த வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டார். மற்றதில் எப்படியும் வெள்ளைதான் இருக்கும் என்ற நம்பிக்கை.

எனக்கு வந்ததே கோபம். சாமி காரியத்தில் கள்ளத்தனம் செய்கிற மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கோயிலிலேயே சத்தம் போட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டே இருந்தவர், திடீரென்று நிமிர்ந்தார்.

"அப்ப இன்னொண்ணுலயும் சிவப்ப வச்சது யாரு?"

நான் பிள்ளையாரைப் பார்த்து மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூசாரி மற்றப் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. அவர் கை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் நான் ரயிலேற வேண்டியதுதான்.

பூசாரி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த திருநீறு கொட்டியது. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் திருட்டு வேலை பண்ணி, கடைசில முறையாத்தான் கட்டிக் கொண்டாந்திருக்கீய. வந்தது வந்ததுதான். போங்க."

வீட்டுக்கு வரும் வழியில் இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாதி வழியில் அந்த முகம் மலர்ந்தது.

"நாம ஊருக்குப் போவலைன்னா என்ன? அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவோம்."

எதைச் சொல்லி மறுப்பது? ஊரா, பம்பாயா என்றுதானே கேட்டோம். மாமியார் விஷயத்தைக் கேட்கவே இல்லையே.

அடுத்த மாதம் தாதர் ஸ்டேஷனில் மாமியார் வந்து இறங்கினார். மறுநாள் காலை நான் இட்லி ஊற்றும்போது, அறையின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கே என்னவோ போல் இருந்தது.

"பொறப்படுறதுக்கு முந்தி நானும் பூக்கட்டிப் பாத்தேன்" என்றார் மெல்ல.

"என்ன கேட்டீய, அத்தை?"

"மருமவ என்னைய வச்சுக்கிடுவாளான்னு. வச்சுக்கிடுவாள்னுதான் பூ வந்துட்டு."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பேரில் வாக்குக் கொடுத்திருக்கிறார் சாமி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எரிச்சலும் வந்தது. நகர்ந்து உட்கார்ந்து, அடுப்புக்கு முன்னால் அவருக்கு இடம் விட்டேன்.