எதிர்காற்றில் ஒரு டைனமோ

என் மேசையில் ஒரு சைக்கிள் டைனமோ கிடக்கிறது. கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னப் போத்தல் போல இருக்கும். அடிப்பக்கம் துருவேறிவிட்டது, தலையிலுள்ள பல்லுருளை மட்டும் இன்னமும் சுழலும். எழுத உட்காரும்போதெல்லாம் அதை எடுத்து விரலால் உருட்டுவேன், வைப்பேன், எழுந்து கிணற்றடிவரை போய் வருவேன், மறுபடி உருட்டுவேன். இந்த வயதில் மனிதனுக்கு ஓரிடத்தில் இருக்கும் வரம் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கான காரணத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

போருக்கிடையே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை இரட்டைக்கால் ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, ஒருவர் மிதிக்க மற்றவர் வானொலியைத் திருப்ப வேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பது நான். திருப்புவது மச்சான், என் மனைவியின் தமையன். அவர் நில அளவையாளர். அளக்க நிலமில்லாத காலம் என்பதால் நாள் முழுவதும் எங்கள் விறாந்தையில்தான் இருப்பார். நான் கொழும்பில் வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, கலவரத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவன். ஒலியைப் பற்றி எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் எனக்கு நிறைய இருந்தது.

செய்தி முடிந்ததும் அயலவர்கள் எழுந்து போவார்கள். நானும் இறங்கப் பார்ப்பேன். மச்சான் கையைக் காட்டித் தடுப்பார்.

“இரும், இரும். இனித்தான் நிகழ்ச்சி.”

இரண்டு நிலையங்களுக்கு இடையே முள்ளை நிறுத்துவார். அங்கே விசில் போல ஒன்று, தேனீக் கூட்டம் போல ஒன்று, எங்கேயோ கடலுக்கு அப்பால் யாரோ கொட்டாவி விடுவது போல ஒன்று கேட்கும். என் கால் தளர்ந்தால் அது கீழே இறங்கும். விரைந்தால் மேலே ஏறும். அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். என்னை ஒரு வாத்தியம் போல நடத்தினார் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அப்போது மாடு போல நடத்துகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இப்ப நீர் சந்தைக்குப் போறீர். அவசரமில்லை.” கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப எதிர்க்காத்து. குனிஞ்சு மிதியும்.” பிறகு, “இறக்கம். காலை எடும், சும்மா உருளட்டும்.”

“யாழ்ப்பாணத்திலை எங்கை மச்சான் இறக்கம்?”

“அதுதானே நான் உண்டாக்கித் தாறன்.”

என் மனைவி குசினிக்குள் இருந்து சொல்வாள்: “மிதிக்கிறதுதான் மிதிக்கிறியள், அதிலை ஒரு திரிகையைக் கொழுவினால் உழுந்தாவது அரைபடும்.”

ஒருநாள் பழைய பக்திப்பாடல் கசெற் ஒன்றின் மூலையில், மேலே பதியாமல் தடுக்கும் ஓட்டையைக் கடதாசியால் அடைத்து, அதன் மேல் எங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். ரேப் ரெக்கோடரும் அதே டைனமோவில்தான் ஓடியது. முடிவில் போட்டுக் கேட்டோம். ஒலி நெளிந்து வளைந்து போனது. இடையிடையே அவருடைய குரல்: சந்தை, எதிர்க்காத்து, இறக்கம். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நெளிவு முழுவதும் என் கால்களின் ஒழுங்கின்மை.

“உதுக்கு எங்கடை கூடத்திலை ஒரு பேர் இருக்கு,” என்றேன். “இரைச்சல். வெட்டி எறியிறது.”

அவர் கோபிக்கவில்லை. “ஓம். வெட்டுறது உம்மடை உத்தியோகம். வளர்க்கிறது என்ரை உத்தியோகம்.”

எங்கள் ஊர் உட்பட வலிகாமம் முழுவதும் போரில் இடம்பெயர்ந்தபோது நாங்கள் கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணியில் இருந்தோம். அங்கே அவருக்கு மலேரியா வந்தது. மருந்து கிடைக்கப் பிந்திவிட்டது; அவர் அங்கேயே போய்விட்டார். அவருடைய மகளுக்கு அப்போது பேச்சு வரத் தொடங்கிய வயது. கசெற் என் உடுப்புப் பையில் இருந்தது. அதை எடுத்து வைத்தது நானா என் மனைவியா என்று நினைவில்லை. ஊர் திரும்பிய பின் அலுமாரியின் அடியில் போட்டுவிட்டு மறந்தேன்.

அந்த மகள், எனக்கு மருமகள், இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். பின்னேரங்களில், மூடிக்கிடக்கும் ஓர் அரிசி ஆலையில் அவளோடு ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். பழைய வானொலிகளைப் பிரித்து அலறவிடுகிறார்கள். தண்ணீர்ப் பம்பின் உடம்பில் ஒலிவாங்கியை ஒட்டி அதன் முனகலைப் பெருப்பிக்கிறார்கள். கணினியில் அதைக் கடைந்து வேறொன்றாக்குகிறார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து போகிறார்கள். மருமகள் என்னை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனாள். சீமெந்துத் தரையில் சிலர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். மூலையில் ஒரு பொடியன் வானொலி முள்ளை இரண்டு நிலையங்களுக்கு நடுவே நிறுத்தினான். என் காலிரண்டும் தாமாக மிதிக்கத் தொடங்கின.

“உதை உன்ரை அப்பா அப்பவே செய்தவர்,” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கசெற் பற்றிச் சொல்லாமல் இருந்திருக்க முடியாது.

அடுத்த மாதம் அங்கே ஒரு நிகழ்வு நடக்கவிருந்தது. மின்சாரம் இல்லாத காலத்தின் மின்னொலிகள் என்பது கருப்பொருள். அதைக் கேட்க ஜேர்மனியிலிருந்து ஒருவர் வருகிறார், யாரேனும் ஒருவரைத் தன் நாட்டில் சில மாதம் தங்கி வேலை செய்ய அழைப்பார் என்றும் கதை. மருமகள் தன் முழு ஆக்கத்தையும் அந்தக் கசெற்றின் மீது கட்ட நினைத்தாள்.

“அப்பிடியே தாங்கோ மாமா. நான் பார்க்கிறன்.”

“உனக்கு ஏன் வில்லங்கம்? என்னட்டைப் பழைய ரேப் ரெக்கோடர் இருக்கு. துப்புரவாக்கித் தாறன்.”

இங்கேதான் என் குற்றம். நாடா பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரே ஒரு தடவை ஓடியது. ஓடும்போதே அதன் பூச்சு கபில நிறப் பொடியாக உதிர்ந்தது. அந்த ஒரு தடவையில் ஒலி கணினிக்குள் வந்து சேர்ந்துவிட்டதால் எனக்குக் கவலையில்லை. பிறகு வேலையைத் தொடங்கினேன். அடியில் கிடந்த உறுமலை எடுத்தேன். நெளிவை ஒவ்வொரு வளைவாகப் பிடித்து நேராக்கினேன். இத்தனை வருடம் கழித்து என் கால்களின் மானத்தைக் காப்பாற்றும் ஆவேசம் எனக்கு. இடையில் வந்து விழுந்த பேச்சையும் வெட்டினேன். இசைப் பதிவில் பேச்சு விழுந்தால் வெட்ட வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம். எங்கள் கூடத்தில் நாடா தட்டுப்பாடு. வெட்டிய துண்டுகள் கூடைக்குப் போகும், மூல நாடாவை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்குக் கொடுப்போம். முடித்த வேலைதான் வேலை. அந்தப் பழக்கத்திலேயே கணினியிலும் பழையதன் மேல் புதியதைப் பதிந்தேன்.

அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

மருமகள் வந்து, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கள் விறாந்தைப் படியில் இருந்து கேட்டாள். நேரான, சுத்தமான, ஆஸ்பத்திரிச் சுவர் போன்ற ஓர் ஒலி. முடிந்ததும் காதிலிருந்து கழற்றினாள்.

“அப்பா இதிலை ஒண்டும் கதைக்கேல்லையோ மாமா?”

“கதைச்சவர்,” என்றேன், பெருமையோடு. “நாலைஞ்சு இடத்திலை வந்து விழுந்திட்டுது. ஒரு தடயமும் தெரியாமல் வெட்டிப்போட்டன்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. அவளிடம் தகப்பனின் ஒரு படம் இருந்தது. குரல் எங்கும் இல்லை. எனக்கு அது தெரியாதது அல்ல. நினைக்கவில்லை. அவள் ஹெட்போன் வயரைச் சுருட்டினாள்.

“மற்றது இருக்கோ? வெட்டாதது?”

நான் தலையாட்டிய விதத்திலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. “பரவாயில்லை மாமா,” என்றாள். ஏசியிருந்தால் நான் ஓரிடத்தில் அமைதியாக இருந்திருப்பேன். வெட்டியதை மீட்கக் கணினியை ஒரு கடைக்காரனிடம் கொண்டுபோனேன், பிறகு இன்னொருவனிடம். பொடியாகிப்போன நாடாவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், அறுந்தது. நடந்தேன், இருந்தேன், எழுந்தேன்.

நிகழ்வுக்கு முதல்நாள் அவளே வந்தாள்.

“மாமா, உங்கடை சைக்கிள் ஓடுமோ?”

“சைக்கிள் ஓடும். முழங்கால்தான் ஓடாது.”

“முழங்காலோடையே வாங்கோ.”

ஆலையின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார்கள். நான் துப்புரவாக்கிய அந்த ஒலியை ஒரு கசெற்றில் ஏற்றி, டைனமோவில் ஓடும் ரேப் ரெக்கோடரில் போட்டாள். என் வாயருகே ஒலிவாங்கியைப் பொருத்தினாள்.

“மிதியுங்கோ. அப்பா சொன்னது நினைவிலை வரேக்கை சொல்லுங்கோ. வராட்டில் விடுங்கோ.”

மிதித்தேன். நேராக்கிய ஒலி மறுபடி நெளியத் தொடங்கியது. கிழவனின் நெளிவு, பழையதல்ல. சந்தைக்குப் போறீர் என்றேன். எதிர்க்காத்து என்றேன், அதற்குமேல் மூச்சு வாங்கியது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இறக்கம் என்று சொல்லிக் காலை எடுத்தேன். ஒலி சரிந்து, சரிந்து, தரையில் போய்ப் படுத்தது. ஒருவரும் கைதட்டவில்லை; அங்கே உடனே தட்டுவதில்லையாம்.

சைக்கிளிலிருந்து என்னை இறக்கும்போது அவள் கேட்டாள்: “அப்பாவின்ரை குரல் உங்கடை மாதிரியோ?”

“இல்லை.”

“எப்பிடி?”

எத்தனையோ அறிவிப்பாளர்களை ஒரு சொல்லில் இனங்கண்டவன் நான். கனமான குரலா, மூக்கால் வருவதா, சொல்லின் கடைசியில் இழுப்பாரா? வாயைத் திறந்தேன். சொற்கள் எல்லாம் இருந்தன. குரல் இல்லை. நான் வெட்டியது அவளுடையதை மட்டுமல்ல.

அவளுக்கு அழைப்பு வந்தது; போன கிழமை விமானம் ஏறினாள். போகும்போது அன்றைய பதிவை என் கணினியில் போட்டுவிட்டு, “ஒண்டையும் தொடாதேங்கோ மாமா,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

தினமும் கேட்கிறேன். என் மூச்சிரைப்பு, அந்த இருமல், சங்கிலியின் கிறீச், முழங்கால் எலும்பின் சத்தம்கூட விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் கை தானாக வெட்டும் பொத்தானுக்குப் போகிறது. அப்போதெல்லாம் டைனமோவை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொள்கிறேன். கை அடங்குகிறது. மேசைக்கு அடியில் கால்கள் மட்டும் அடங்குவதில்லை. குனிந்து, எதிர்காற்றில், போய்க்கொண்டே இருக்கின்றன.