சுடலைக்கண்ணன் சொன்ன ‘இல்லை’

உமாராணி வாயால் புருசனை மரியாதையாக ‘இவிய’ என்பாள். மனசுக்குள் ‘இவன்’தான். இந்தக் கதையும் அவள் மனசுப்படியே போகட்டும்.

சுடலைக்கண்ணன் வ.உ.சி. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். கப்பலில் வந்த சரக்குக்குக் கஸ்டம்ஸில் அனுமதி வாங்கி வெளியே எடுத்துக் கொடுக்கிற வேலை. அதில் அவன் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, ஆபீசர் எதைக் கேட்டாலும் முதலில் ‘இல்லை’ என்று சொல்லிவிடுவது. அதைப் பெரிய ராஜதந்திரம் என்று தான் குடியிருக்கிற மாப்பிள்ளையூரணி முழுக்க அளந்துகொண்டு திரிந்தான். மற்ற ஏஜெண்டுகள் அவன் தலை மறைந்ததும் சிரிப்பதும், அவன் சரக்குதான் எப்போதும் கடைசியாக வெளியே வருவதும் உமாராணிக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது.

சின்ன வயசிலிருந்தே அவனுக்கு மூச்சு இளைப்பு உண்டு. ஊருக்குத் தெரிந்தால் கௌரவக் குறைச்சலாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இளைப்பு மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து உறிஞ்சுவான். வெளியே வரும்போது கோட்டையைப் பிடித்தவன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு வருவான். தண்ணீர்தான் வீண் என்று உமாராணி நினைத்துக்கொள்வாள்.

போன சித்திரையில் வண்டியை வீட்டுக்குள் ஏற்றும்போது இடப்பக்கத்துக் கேட்டுத் தூணில் இடித்தான். மறுவாரமும் அதே தூண். “கொத்தன் கோணலா கட்டியிருக்கான்” என்றான். வீடு கட்டிய நாளிலிருந்து அசையாமல் நிற்கிற தூண். உமாராணி சண்டை போட்டு அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஜெயஷீலா எல்லாப் பரிசோதனையும் செய்தார். “கண்ணுக்குள்ள பிரஷர் கூடியிருக்கு. கிளாக்கோமா. இடது கண்ணுல ஓரப் பார்வை கொஞ்சம் போயிட்டு, அது இனி திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்த தினமும் சொட்டு மருந்து விடணும்” என்றவர், பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டார்: “ஆஸ்துமா, இளைப்பு, நெஞ்சுக் கோளாறு ஏதும் உண்டா?”

“இல்லை” என்றான் சுடலைக்கண்ணன்.

உமாராணி வாயைத் திறந்தாள். அவன் செருப்புக் காலால் அவள் பாதத்தை அமுக்கினான்.

“வேற மருந்து ஏதும்?”

“ஒண்ணும் இல்ல மேடம். இரும்பு உடம்பு.”

வெளியே வந்ததும் உமாராணி கேட்டாள். “ஏன் மறைச்சிய?”

“ஏளா, கண்ணுக்கு வந்த எடத்துல நெஞ்சப் பத்தி என்ன பேச்சு? கேக்குதவங்ககிட்ட எல்லாத்தையும் கொட்டுனா நம்மள ஒரு வழி பண்ணிருவாங்க.”

திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு சொட்டு போதும் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினாள். இந்த மேதாவி கேட்பானா? “ஒரு சொட்டுல என்ன ஆவும்? நாலு விட்டாத்தான் புடிக்கும்” என்று கன்னத்தில் வழிய வழிய ஊற்றினான். பாட்டில் முனை இமையில் இடித்தது. கழுவாத கை. ஒரு வாரத்துக்குள் இருமல் வந்தது. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. முதலில் துறைமுகத்து நிலக்கரித் தூசியைத் திட்டினான். பிறகு உமாராணியின் மீன்குழம்பைத் திட்டினான்.

ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்திலிருந்த தேவபிரசாதம் என்கிற ஏஜெண்டிடம் ஏதோ வீரப்பிரதாபம் பேசிக்கொண்டிருந்தவன் பாதியில் எழுந்து போனான். சந்தேகப்பட்டு உமாராணி பின்னாலேயே போனாள். மண்டபத்துக்குப் பின்னால், அண்டா கழுவுகிற இடத்தில் குந்தியிருந்தான். பம்ப்பை அழுத்தி அழுத்திப் பார்க்கிறான், மூச்சு பிடிபடவில்லை. உதடு கருத்திருந்தது.

தேவபிரசாதம் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் சுடலைக்கண்ணன் அவள் மணிக்கட்டை விடவே இல்லை. கண்ணில் அப்படி ஒரு பயம். இரக்கம் வருமா என்று உமாராணி தன்னையே பார்த்துக்கொண்டாள். வரவில்லை.

“என்னென்ன மருந்து எடுக்காரு?” என்று கேட்டார் அவசரப் பிரிவு டாக்டர். மூக்கில் முகமூடியோடு படுத்திருந்தவன் அப்போதும் கையை ஆட்டினான், ஒன்றும் இல்லையாம். கல்யாணத்துக்கும் கையோடு கொண்டுவந்திருந்த சொட்டு மருந்தை உமாராணி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

“இளைப்பு சின்ன வயசுலேயே உண்டு. பம்ப் அடிக்காவ. பத்து நாளா இதயும் கண்ணுல விடுதாவ, ஒண்ணுக்கு நாலா.”

டாக்டர் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இளைப்பு உள்ளவருக்கு இத யாரும்மா எழுதுனது?”

“கண் டாக்டரம்மா கேட்டாங்க. இவிய இல்லன்னுட்டாவ.”

“கண்ணுல விடுறது கண்ணோட நிக்காதும்மா. மூக்கு வழியா இறங்கி ரத்தத்துல கலந்துரும். இந்த மருந்து மூச்சுக்குழலச் சுருக்கும், நாடியையும் குறைக்கும். அதான் பம்ப்பும் புடிக்கல. இத நிறுத்துங்க. அதுக்காக சொட்டே வேண்டாம்னு இருந்துராதீங்க, பார்வை போயிரும். நாளைக்கே கண் டாக்டரப் பாத்து வேற வாங்குங்க.”

சாயங்காலத்துக்குள் மூச்சு சீரானது. மறுநாள் ஜெயஷீலாவிடம் உமாராணி ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் வேறு வகை மருந்து எழுதி, விடுகிற முறையை அவளுக்கே செய்து காட்டினார். கையைக் கழுவி, கீழிமையை இழுத்து, முனை எங்கும் படாமல் ஒரே சொட்டு. பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிஷம் விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து உடம்புக்குள் அதிகம் இறங்காது.

நலம் விசாரிக்கத் தேவபிரசாதம் வீட்டுக்கு வந்தார். சுடலைக்கண்ணன் கால்மேல் கால் போட்டு ஆரம்பித்தான். “கண்ணு டாக்டரம்மா மருந்த மாத்திக் குடுத்துட்டா. நான் சுதாரிச்சுக் கண்டுபுடிச்சதுனால பொழச்சேன்.”

காப்பித் தம்ளரை வைத்துவிட்டு உமாராணி நிமிர்ந்தாள். “டாக்டரம்மா ஒழுங்காத்தான் கேட்டாவ. இவியதான் இளைப்பு இல்லன்னு பொய் சொன்னாவ. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு குளியலறைக்குள்ள ஒளிஞ்சு பம்ப் அடிக்குத ஆளு.”

சுடலைக்கண்ணன் முகம் செத்துப்போனது. தேவபிரசாதம் மெதுவாகச் சொன்னார்: “எனக்கு சுகர் உண்டு, அண்ணாச்சி. இதுல என்ன வெக்கம்?”

அந்த ஆறுதல்தான் அவனை அதிகம் எரித்தது. பல நாள் உமாராணியோடு பேசவில்லை. அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. சொட்டு விடும் நேரத்துக்கு மட்டும் கட்டிலில் வந்து மல்லாந்து படுப்பான். அவளும் பேசாமல் விட்டு, கண்முனையை அமுக்கிப் பிடித்திருப்பாள்.

அடுத்த பரிசோதனையில் பிரஷர் இறங்கியிருந்தது. போன பார்வை போனதுதான், மிச்சம் குறையாமல் நின்றுவிட்டது. இனி ஆயுசுக்கும் விட வேண்டும் என்றார் ஜெயஷீலா. வெளியே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு நோயாளியிடம் சுடலைக்கண்ணன், “எல்லாம் மனவுறுதிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். உமாராணி சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்தாள்.